பாலைவனத்தில் தங்கம் தேட எங்கே நிற்பது? கடலூரிலிருந்து இடம் பார்த்த ஒரு நிகழ்வு ஆய்வு

என் அண்ணன் மகன் கடலூர் முதுநகரில் பிறந்து வளர்ந்தவன். இப்போது மேற்கு ஆஸ்திரேலியாவில், கல்கூர்லி என்ற ஊரில், சுரங்க வண்டிகளைப் பழுதுபார்க்கும் பட்டறை ஒன்றில் ஃபிட்டர். வாரக் கடைசி வந்தால் அந்த ஊரில் நிறையப் பேர் மண்ணுக்குள் இருக்கும் உலோகத்தை ஓசையால் காட்டும் டிடெக்டர் கருவியைத் தூக்கி வண்டியில் போட்டுக்கொண்டு காட்டுக்குள் போய்விடுவார்கள். இவனும் ஒன்று வாங்கிவிட்டான், வாங்கிய பிறகுதான் எனக்கு போன் செய்தான். "அத்தை, எங்க பார்த்தாலும் ஒரே செவப்பு மண்ணு. எங்க நின்னு ஆரம்பிக்கிறதுன்னே தெரியல."

நான் வேலை பார்த்த காலமெல்லாம் கடலூர், விழுப்புரம் பக்கத்துக் கிராமங்களில் நிலத்தடி நீர் எங்கே கிடைக்கும் என்று பாறையையும் படத்தையும் பார்த்துச் சொன்னவள். தங்கம் என் துறை இல்லை, ஆனால் அவன் கேட்ட கேள்வி எனக்கு நன்றாகப் பழகியது. போர் போட இடம் பார்க்கும்போதும், எங்கெங்கே வேண்டாம் என்று கழித்துக்கொண்டே வந்தால்தான் கடைசியில் ஒரு புள்ளி மிஞ்சும். விழுப்புரம் பக்கத்துக் கடினப் பாறைக்குள் இன்றைக்குத் தண்ணீர் ஓடுகிற வழியும், ஒரு காலத்தில் அந்த ஊர்ப் பாறைக்குள் தங்கத்தைக் கரைத்துச் சுமந்துவந்த வெந்நீர் ஏறிய வழியும் ஒரே மாதிரிதான், இரண்டுமே பாறையில் விழுந்த முறிவுகள். அதனால் துணிந்து சரி என்றேன். நான் இங்கே மேஜையில், அவன் அங்கே களத்தில். எதைக் கழித்தோம், ஏன் கழித்தோம், மிஞ்சிய இடத்தில் என்ன கிடைத்தது என்பதை முழுதாக எழுதுகிறேன். மென்சீஸ், லியோனோரா என்ற இரண்டு ஊர்களுக்கு நடுவே என்பதற்கு மேல் இடத்தைச் சொல்ல மாட்டேன். அந்த நிலத்தில் இன்னும் வேலை பாக்கி இருக்கிறது, பிறர் உரிமையும் இருக்கிறது.

அந்த நிலம்

கல்கூர்லி, பெர்த் நகரத்திலிருந்து கிழக்கே சுமார் 600 கி.மீ. வருஷ மழை சராசரியாக 260, 270 மி.மீ., அதாவது நம் கடலூரில் ஒரு புயல் வந்து இரண்டு நாள் நின்றாலே தாண்டிவிடுகிற அளவு. 1892இல் கூல்கார்டியில் ஆர்தர் பேலியும் வில்லியம் ஃபோர்டும் தங்கம் கண்டார்கள், மறு வருஷம் ஜூனில் பேடி ஹேனனும் கூட்டாளிகள் இருவரும் கல்கூர்லியில் கண்டார்கள், ஆயிரக்கணக்கில் ஆட்கள் குவிந்துவிட்டார்கள். குடிக்கவே தண்ணீர் இல்லை. டைபாய்டில் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். பெர்த் பக்கத்திலிருக்கும் மண்டாரிங் அணையிலிருந்து 500 கி.மீ.க்கு மேல் குழாய் போட்டுத் தண்ணீர் கொண்டுவந்தது 1903இல்தான். அதற்கு முந்தைய பத்து வருஷம் தங்கத்தை எப்படிப் பிரித்தார்கள் என்றால், தூற்றினார்கள். மண்ணை நன்றாகக் காயவைத்து, உடைத்து, ஒரு தட்டிலிருந்து இன்னொரு தட்டுக்கு உயரத்திலிருந்து கொட்டினால் தூசியைக் காற்று கொண்டுபோகும், கனமானது நேரே விழும். பிறகு சல்லடையும் துருத்தியும் வைத்த மரப்பெட்டி இயந்திரம் வந்தது. குவார்ட்ஸ் என்கிற வெள்ளைக்கல்லின் அடர்த்தி 2.65, தங்கத்தின் அடர்த்தி 19.3. இந்த வித்தியாசம் இருக்கிற வரைக்கும் தண்ணீர் இல்லாமலும் காரியம் நடக்கும். அவர்கள் தூற்றிப் போட்ட சின்னச் சின்ன மண்குவியல்கள் நூறு வருஷத்துக்கு மேலாகியும் அங்கே அப்படியே இருக்கின்றன, எங்கள் வேலைக்கு அவை பெரிய உதவி.

யில்கார்ன் என்று அழைக்கப்படும் அந்தப் பழைய பாறைத் தளத்தில் பெரும்பகுதி கிரானைட். நடுநடுவே எரிமலைக் குழம்பும் படிவும் அழுந்தி உருமாறிய பசும்பாறைப் பட்டைகள் வடக்குத் தெற்காக நீண்டு கிடக்கின்றன. சுமார் 260, 270 கோடி வருஷத்துக்கு முந்தைய சமாச்சாரம். தங்கம் பெரும்பாலும் இந்தப் பசும்பாறையில்தான், அதிலும் முறிவுகளின் ஓரத்தில், டோலரைட் என்ற விறைப்பான கரும்பச்சைப் பாறை உடைந்து வெள்ளைக்கல் நரம்பு ஏறிய இடங்களில். கல்கூர்லியின் சூப்பர் பிட் சுரங்கமே அப்படி ஒரு டோலரைட்டில் உட்கார்ந்திருக்கிறது, மூன்றரை கி.மீ. நீளம், ஒன்றரை கி.மீ. அகலம், 600 மீட்டருக்கு மேல் ஆழம்.

பாலைவனத்தில் பாறையைப் பார்த்து இடம் கழிக்கும் வேலை புதிதும் இல்லை. எகிப்தின் கிழக்குப் பாலைவனத்தில் வாடி ஹம்மாமத் பள்ளத்தாக்குக்கு கி.மு. 1150 வாக்கில் வரைந்த ஒரு பாப்பிரஸ் வரைபடம் இத்தாலியின் டூரின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எந்த மலை எந்த வகைப் பாறை என்று வண்ணம் மாற்றித் தீட்டி, தங்கம் எடுக்கும் மலையைக் குறித்து, பள்ளத்தில் கிடக்கும் சரளையைக்கூடப் புள்ளிபுள்ளியாகப் போட்டிருக்கிறார்கள். அந்தப் படத்தை முதன்முதலில் பார்த்த அன்றைக்கு நான் வேறு வேலையே செய்யவில்லை.

மேஜையில் கழித்தது

முதல் சல்லடை சட்டம். பலர் இதைக் கடைசியில் பார்க்கிறார்கள். நான் முதலில் பார்க்கச் சொல்வேன், ஏனென்றால் வேறெந்தச் சல்லடையும் இவ்வளவு சீக்கிரம் இவ்வளவு நிலத்தைத் தள்ளாது. மேற்கு ஆஸ்திரேலியாவில் மைனர்ஸ் ரைட் என்ற அனுமதிச் சீட்டு எடுத்துக்கொண்டால், யாரும் உரிமம் வாங்காத அரசு நிலத்தில் கைக்கருவியும் டிடெக்டரும் வைத்துத் தேடலாம். வேறொருவர் ஆய்வு உரிமம் வாங்கியிருக்கும் நிலமாக இருந்தால் சுரங்கச் சட்டத்தின் 40இ (40E) பிரிவில் தனி அனுமதி வாங்க வேண்டும், அது 3 மாதம் செல்லும். சுரங்கக் குத்தகை நிலம் என்றால் குத்தகைக்காரர் சம்மதித்தால்தான் உள்ளே போகலாம். பழங்குடி மக்களின் புனித இடங்கள், காப்பு நிலங்கள் தனி. மேய்ச்சல் பண்ணைக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போவது மரியாதை. தோண்டிய குழியைத் திரும்ப மூட வேண்டும். உரிம எல்லைகளை அந்த மாநில அரசே இணையத்தில் இலவசமாகக் காட்டுகிறது, டெங்கிராஃப் என்று பெயர். ஜியோவியூ என்ற தளத்தில் அதையே பாறை வரைபடத்தின் மேல் போட்டுப் பார்க்கலாம்.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். பரங்கிப்பேட்டை, லால்பேட்டை, காரைக்கால் பக்கமிருந்து வளைகுடாவுக்குப் போனவர்கள் நிறையப் பேர். சவூதியில் இருக்கும் தெரிந்த பையன்களும் என்னிடம் இதே கேள்வியைக் கேட்டார்கள். அங்கே தங்கம் இருப்பது உண்மை. மக்த் அத் தகப் என்ற இடத்தில் ஏறக்குறைய 3000 வருஷத்துக்கு முன்பே எடுத்திருக்கிறார்கள், 1939 முதல் 1954 வரை திரும்ப எடுத்தார்கள், 1988இலிருந்து மறுபடி எடுக்கிறார்கள். ஆனால் அங்கே மண்ணுக்குள் இருக்கும் கனிமம் அரசாங்கத்தின் சொத்து. விசாவில் வேலைக்குப் போன இடத்தில் டிடெக்டரோடு மலைப்பக்கம் போய் நிற்பது உயிரையும் பிழைப்பையும் பணயம் வைக்கிற காரியம். தயவுசெய்து வேண்டாம்.

இரண்டாவது சல்லடை, பழைய குழிகள். மைன்டெக்ஸ் என்ற அரசுப் பதிவில் பழைய சுரங்கங்களும் தங்கம் கண்ட இடங்களும் புள்ளியாக இருக்கின்றன. 1890களில் வந்தவர்கள் அந்தக் குன்றுகளில் ஏறி இறங்காத மேடு இல்லை, தரையில் பளிச்சென்று தெரிந்ததைப் பொறுக்கினார்கள், தெரியாததைத் தூற்றிப் பார்த்தார்கள். ஆனால் ஒரு சாண் மண்ணுக்குக் கீழே தனியாகக் கிடந்த கட்டி அவர்கள் கண்ணுக்குத் தெரிய வழியில்லை. டிடெக்டர்காரருடைய பங்கு அதுதான். ஆகவே பழைய குழிகளை விட்டு வெகுதூரம் போய்ப் புது இடம் கண்டுபிடிக்கும் ஆசையை முதலிலேயே விட்டுவிடச் சொன்னேன். பழைய குழியிலிருந்து ஓரிரண்டு கி.மீ. சுற்றளவுக்குள் தேடுவோம் என்று எல்லை வைத்துக்கொண்டோம். வாமெக்ஸ் என்ற தொகுப்பில் கம்பெனிகள் முன்பு எடுத்த மண் மாதிரிகளின் அறிக்கைகளும் பொதுவில் கிடைக்கும். ஒரு டன் மண்ணில் சில மில்லிகிராம்தான் சாதாரண அளவு, அது ஓரிடத்தில் பத்து மடங்கு ஏறியிருந்தால் பென்சிலால் வட்டம் போட்டு வைத்தேன்.

மூன்றாவது, பாறை வகை. விமானத்தில் பறந்து எடுத்த காந்தப்புல வரைபடத்தில் முறிவுகள் கோடாகத் தெரியும், பட்டையின் விளிம்பு வளைவது தெரியும். நடு கிரானைட்டில் விழுந்த புள்ளிகள் எல்லாம் போயின.

நான்காவதுதான் எனக்கு மிக முக்கியமானது, இதைச் சரியாகப் பிடித்தால் மற்றதில் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் சமாளிக்கலாம். பழைய பாலை நிலம் என்பது ஒரே நிலம் இல்லை. அந்த நாட்டில் ஒரு காலத்தில் மழையும் வெப்பமும் கூடி, பாறை பல பத்து மீட்டர் ஆழத்துக்கு உளுத்துப் போய், மேலே இரும்பு இறுகிச் செம்புறாங்கல் மூடி ஒன்று உண்டானது. அந்த மூடி இன்னும் அரிபடாமல் நிற்கும் மேட்டு நிலம் ஒரு வகை. மூடி அரிந்து போய், அடியிலுள்ள உளுத்த பாறையும் வெள்ளைக்கல்லும் தலைகாட்டி, மேலே மெல்லிய மண்ணும் சரளையும் மட்டும் இருக்கும் சரிவு இரண்டாவது வகை. அரிந்து வந்த எல்லாம் போய்த் தங்கி, மீட்டர் கணக்கில் மூடிக்கிடக்கும் சமவெளி மூன்றாவது. நல்ல டிடெக்டருக்கே அரைக் கிராம் கட்டி சாண் ஆழத்துக்கு மேல் கேட்காது, பெரிய கட்டி என்றால் மீட்டர் வரை கேட்கலாம். அப்படியானால் சமவெளியில் கீழே எவ்வளவு இருந்தாலும் நமக்கு உதவாது. காற்று கொண்டுவந்து குவித்த மணல்மேடுகளும் அப்படியே, தங்கத்தைத் தூக்கி வரக் காற்றுக்கு வலு கிடையாது, மணல் வெறும் போர்வைதான். தேட வேண்டியது இரண்டாவது வகைச் சரிவில்.

சரிவைக் கண்டுபிடிக்க 2000ஆம் ஆண்டு விண்கலத்திலிருந்து எடுத்த உயர அளவுகள் போதும், இலவசம். சென்டினல்-2 செயற்கைக்கோள் படத்தில் ஒரு புள்ளி 10 மீட்டர், அதில் ஓடைகளும் பெரிய வெள்ளை மண்மேடுகளும் தெரியும். இரும்பு எங்கே அதிகம் என்று நிறப்பட்டைகளை வகுத்துக் காட்டும் படங்களைப் புதியவர்கள் மிகவும் நம்புகிறார்கள், என் அனுபவத்தில் இந்த மாதிரி ஊருக்கு அது அவ்வளவாகப் பயன்படாது, ஏனென்றால் அங்கே எல்லாமே இரும்பேறிய சிவப்பு. சரிவு எந்தப் பக்கம் இறங்குகிறது என்ற படம்தான் சோறு போடும்.

இந்த நான்கிலும் தப்பி மூன்று துண்டுகள் மிஞ்சின. ஒன்று செம்புறாங்கல் மேட்டின் ஓரம், ஒன்று உப்பு ஏரியின் கரை, ஒன்று டோலரைட் முகடுக்கும் கிரானைட்டுக்கும் நடுவே இறங்கும் ஒரு மெல்லிய சரிவு. ஏரிக்கரையைத் தள்ளிவிடலாம் என்றுதான் சொன்னேன், அது மூன்றாவது வகை நிலம். பட்டறையில் கூட வேலை பார்ப்பவர் அங்கே கட்டி எடுத்ததாகச் சொன்னார் என்று இவன் பிடித்த பிடியில் பட்டியலில் நின்றது.

கேப்பர் மலையில் ஒரு பாடம்

நடுவில் அவன் லீவில் வந்தான். வடகிழக்குப் பருவமழை அப்போதுதான் ஓய்ந்திருந்தது. படத்தில் எவ்வளவு காட்டினாலும் கண்ணால் பார்க்காமல் சரிவு புரியாது என்று அவனைக் கேப்பர் மலைக்குக் கூட்டிப்போனேன். கடலூர் மணற்கல் என்று புவியியல் பாடத்தில் வருமே, அந்தச் செம்மண் மேடுதான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அங்கே தங்கம் இல்லை, யாரும் மண்வெட்டியோடு கிளம்ப வேண்டாம். ஆனால் மழை அறுத்த ஓடைகள் இருக்கின்றன, ஒரு நிலம் எப்படி அரிபடுகிறது என்பதை இவ்வளவு கிட்டத்தில் காட்ட வேறு இடம் எனக்குத் தெரியாது.

மேலே மட்டமான இடத்தில் பொடி மண் எல்லாம் அடித்துக்கொண்டு போய், இரும்புச் சரளை மட்டும் தரையில் பாவிக் கிடந்தது. "இது நகர்ந்து வந்த கல்லு இல்ல, இருந்த எடத்துலயே மிஞ்சிப்போன கல்லு" என்று காட்டினேன். ஓடைக்குள் இறங்கினால் வேறு கதை. வெள்ளம் வளைந்த இடத்தில் உள்வளைவில், ஒரு பெரிய கல்லுக்குப் பின்புறம், விரல் அகலத்தில் கறுப்பாக ஒரு கோடு. கனமான மணிகள். அதே தண்ணீர், அதே ஓடை, நட்டநடுவில் வெறும் செம்மணல். கூடவே கொண்டுபோயிருந்த அம்மாவின் பழைய அரிக்கஞ்சட்டியில் ஒரு கைப்பிடி அள்ளிப் போட்டு, அரிசியில் கல் அரிப்பதுபோல மெல்லச் சுழற்றினேன். சிவப்பு முதலில் போனது, வெளிர் மணல் பிறகு போனது, சட்டியின் உள்வரிகளில் கறுப்பு மணிகள் மட்டும் தேங்கி நின்றன. பிளாஸ்டிக் உறைக்குள் காந்தத்தைப் போட்டுக் கிட்டே கொண்டுபோனால் சில மணிகள் எழுந்து ஒட்டின, மீதி அசையவில்லை. அவன் நிமிராமல் அந்தச் சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான். தங்கம் இருந்தால் இந்தக் கறுப்புக்கும் அடியில் கடைசியாக நிற்கும் என்றேன். திரும்பும் வழியில் தேவனாம்பட்டினம் கடற்கரையிலும் அலை விட்டுப்போன கறுப்புப் பட்டைகளை அவனே காட்டினான்.

களத்தில்

மூன்று துண்டுக்கும் அனுமதி வாங்கிக்கொண்டு, அங்கே குளிர்காலம் தொடங்கியதும் போனான். கோடையில் 40 டிகிரி சாதாரணமாகத் தாண்டும், அந்த மாதங்களில் போகவே கூடாது என்பது எனக்கும் அவனுக்கும் ஒப்பந்தம். ஆளுக்கு இவ்வளவு தண்ணீர் என்று கணக்குப் போட்டு அதற்கு இருமடங்கு, செயற்கைக்கோள் வழி உதவி கேட்கும் கருவி, எங்கே போகிறான் எப்போது திரும்புவான் என்று எழுதிய தாள் பட்டறையில் ஒருவரிடம், துணைக்கு ஒரு ஆள். பழைய செங்குத்துச் சுரங்கக் குழிகள் வாய் மூடாமல் புதருக்குள் கிடக்கும், நூறு வருஷத்து மரச்சட்டம் உளுத்திருக்கும். டிடெக்டர் ஓசையில் காதை வைத்துக்கொண்டு பின்னால் நகர்கிறவர்களுக்கு அதுதான் எமன்.

ஏரிக்கரை சீக்கிரம் முடிந்தது. உப்பேறிய ஈரக் களிமண் மின்சாரத்தைக் கடத்தும், கருவி ஓயாமல் ஊளையிட்டது, பழைய குழிகளின் பக்கத்திலும் மண் மார்பளவு. செம்புறாங்கல் மேட்டில் வேறு தொல்லை, அந்த இரும்புச் சரளையில் காந்தத் தன்மை உள்ள உருண்டைகள் கலந்திருந்து ஒவ்வொன்றும் ஒரு சத்தம் கொடுத்தது. அந்த நாட்டிலேயே 1995இல் வந்த, மண்ணுக்குள் காந்தத் துடிப்பு அனுப்பிப் பார்க்கும் பல்ஸ் இண்டக்ஷன் வகைக் கருவிகள் இந்த மாதிரி மண்ணுக்காகவே உருவானவை, இருந்தும் முழுதாக அடங்கவில்லை. தோட்டா, தகர டப்பா, கம்பித் துண்டு. அங்கிருந்து கிடைத்த ஒரே பயன், மூடி உடைந்து விழும் விளிம்புக்குக் கீழே தரை எப்படி மாறுகிறது என்று அவன் கண்ணால் பார்த்தது.

மூன்றாவது துண்டின் படங்கள் வாட்ஸ்அப்பில் வந்தபோதே எனக்கு நெஞ்சு படபடத்தது. முகட்டில் கரும்பச்சை டோலரைட், சரிவில் சிவப்பு மண் மேல் உடைந்த வெள்ளைக்கல் துண்டுகள், சில துண்டுகளில் சதுரம் சதுரமாகப் பொந்து. இரும்புக் கந்தகக் கனிமம் இருந்து, உளுத்துக் கழன்று போன தடம் அது, பொந்தின் சுவரில் துருப்பிடித்த காவி நிறம் ஒட்டிக்கொண்டிருந்தது. வெறும் வெண்மையாகப் பளபளக்கும் குவார்ட்ஸைவிட இந்த அழுக்குக் கல் ஆயிரம் மடங்கு மேல். கொஞ்சம் கீழே, முழங்கால் உயரத்தில், ஜோடி ஜோடியாகப் பழைய தூற்றுக் குவியல்கள். ஜோடியில் ஒன்று சல்லடை தள்ளிய கரடு, மற்றது தூசி. கரட்டுக் குவியலை வாரிப் பரப்பிவிட்டு முதலில் அதைப் பார் என்றேன், காயாத மண்கட்டிக்குள் ஒட்டிக்கொண்ட தங்கத்தையும் சல்லடைக் கண்ணைவிடப் பெரிய கட்டியையும் அந்த இயந்திரம் கல்லோடு கல்லாக வெளியே தள்ளியிருக்கும். இரண்டாவது குவியலிலேயே ஒன்று வந்தது. 0.4 கிராம். அவன் அனுப்பிய குரல் பதிவில் வார்த்தையே இல்லை, மூச்சுதான்.

அதன்பிறகு ஓடவிடாமல் நிறுத்திப் பிடித்தேன். இடுப்பில் சங்கிலி ஒன்றைக் கட்டி இழுத்துக்கொண்டே நடக்கச் சொன்னேன், அங்கே டிடெக்டர்காரர்கள் செய்வதுதான். சிவப்பு மண்ணில் சங்கிலி இழுத்த கோடு பளிச்சென்று தெரியும், அடுத்த வரிசையை அதற்கு ஒரு மீட்டர் தள்ளி நடக்கலாம், பார்த்த இடத்தையே திரும்பப் பார்க்கும் வீண் வேலை இல்லை. கிடைத்த ஒவ்வொன்றையும், ஈயக் குண்டானாலும் பழைய பூட்ஸ் ஆணியானாலும், இடம் குறித்துக்கொள்ளச் சொன்னேன். பூட்ஸ் ஆணிகள் ஒரே பக்கம் கூடினால் அங்கே ஆட்கள் கூடாரம் போட்டிருந்தார்கள், அப்படியானால் பக்கத்தில் ஏதோ கண்டிருந்தார்கள்.

இரண்டாவது கட்டி ஓடையோரத்தில் கிடைத்தது, விளிம்பெல்லாம் மழுங்கி வழவழப்பாக இருந்தது. மூன்றாவது அதற்கு மேட்டில், மூலை கூர்மையாக, ஒரு பக்கம் வெள்ளைக்கல் ஒட்டிக்கொண்டு. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தங்கம் மெத்தென்ற உலோகம், கொஞ்சதூரம் உருண்டாலே மூலை தேய்ந்துவிடும். கல்லோடு சேர்ந்து கூர்மையாக இருக்கிறது என்றால் பிறந்த வீடு பக்கத்தில். "மேல ஏறுப்பா, கீழ எறங்காத" என்றேன்.

இங்கேதான் அந்த ஊர்ப் பழைய முறை ஒன்று கைகொடுத்தது, லோமிங் என்பார்கள். சரிவுக்குக் குறுக்காக ஒரு வரிசை, அதற்கு மேலே இன்னொரு வரிசை என்று சம இடைவெளியில் மேல்மண் ஒவ்வொரு சட்டி எடுத்து, அலசி, அடியில் எத்தனை தங்கத் துகள் என்று எண்ணி வரைபடத்தில் எழுதுவது. தண்ணீர் அருமை என்பதால் ஒரே தொட்டித் தண்ணீரைத் தெளியவைத்துத் தெளியவைத்துப் பயன்படுத்தினான். கீழ் வரிசையில் பரவலாக ஒன்றிரண்டு. மேலே போகப் போகத் துகள் கூடி, பரப்பு ஒடுங்கி, ஒரு வரிசையில் நடுச்சட்டிகளில் மட்டும் கொத்தாக. அதற்கும் மேல் வரிசையில் ஒன்றுமே இல்லை. நான் இங்கே தாளில் எண்களைப் போட்டு வரைந்தால் கூம்பு மாதிரி ஒரு வடிவம், முனை முகட்டைப் பார்த்து. நரம்பு அந்த இரண்டு வரிசைக்கும் நடுவில்தான் இருந்தாக வேண்டும். இருந்தது. கையகல வெள்ளைக்கல் நரம்பு, டோலரைட்டுக்குள் சாய்ந்து இறங்குகிறது, பழையவர்கள் ஒரு முனையை மட்டும் கொத்திப் பார்த்துவிட்டு விட்டிருக்கிறார்கள். அதன் கீழ்ப்பக்கம் ஒரு சாணுக்கும் குறைவான மண்ணில் சிறிய கட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன.

எல்லாம் சேர்ந்து 11 கிராம், ஒன்றரைப் பவுனுக்குக் கொஞ்சம் குறைவு. டிடெக்டரும் டீசலும் சேர்த்தால் செலவில் ஒரு மூலைக்குக்கூடக் காணாது, இந்த வேலைக்கு ஆசைப்படுகிறவர்கள் அதைத் தெரிந்துகொண்டே வர வேண்டும். எனக்குப் பெரிதாகப் பட்டது, மூன்று துண்டில் எது தரும், எது தராது என்பது மேஜையிலேயே ஏறக்குறையத் தெரிந்திருந்தது என்பது. தராத இரண்டின் குறிப்புகளையும் பத்திரமாக வைத்திருக்கிறோம், தேதி, மண்ணின் ஆழம், கருவியின் அமைப்பு எல்லாம் போட்டு.

மரங்களைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். கல்கூர்லிப் பக்கத்து யூகலிப்டஸ் இலைகளில் தங்கத் துகள் இருப்பதை ஆஸ்திரேலிய அரசு ஆய்வு நிறுவனமான சிஎஸ்ஐஆர்ஓ 2013இல் காட்டியது, முப்பது மீட்டருக்கும் கீழேயிருந்து வேர் உறிஞ்சி ஏற்றியது. அது கண்ணுக்குத் தெரியாத நுண்துகள், ஆய்வுக்கூடம் உள்ள கம்பெனிகளுக்கு மூடிய நிலத்தின் அடியில் என்ன இருக்கிறது என்று காட்டும். இலையைப் பறித்து வைத்துக்கொண்டு நாம் ஒன்றும் செய்ய முடியாது. மண்ணில் சுண்ணாம்பு இறுகி உண்டாகும் சுக்கான்கல்லைப் பற்றியும் கேட்கிறார்கள். மென்சீஸ் கோடு என்று ஒன்று சொல்வார்கள், அதற்குத் தெற்கே மண்ணில் சுக்கான் அதிகம், தங்கம் அதோடு சேர்ந்து தேங்கும், மாதிரி எடுக்க நல்லது. வடக்கே சுக்கான் குறைந்து சிவப்பாக இறுகிய கெட்டித் தரை வந்துவிடும். எங்கள் சரிவு அந்தக் கோட்டுக்குச் சற்று வடக்கே.

அந்தக் கெட்டித் தரைதான் இப்போதைய பிரச்சினை. நரம்பின் வடமுனை முழங்கால் ஆழக் கெட்டித் தரைக்கு அடியில் போகிறது, சிறு கட்டிகளின் சத்தம் மேலே வராது. தென்முனை இன்னும் நல்ல ஆழமில்லாத மண்ணில் நீள்கிறது, ஆனால் கொஞ்ச தூரத்தில் ஒரு சுரங்கக் குத்தகையின் எல்லைக் கம்பம். வரைபடத்தில் முன்பே பார்த்திருந்தோம், கம்பத்தைக் கண்டதும் நின்றுவிட்டான். குத்தகைக்காரருக்கு, நரம்பு எந்தத் திசையில் வருகிறது, எங்கள் பக்கத்தில் என்ன கிடைத்தது என்பதை வரைபடத்தோடு எழுதி, உள்ளே தேட அனுமதி கேட்டுக் கடிதம் போட்டிருக்கிறோம். அதற்குள் 40இ அனுமதி முடிந்துவிட்டால் புதிதாக வாங்கிக்கொண்டு, வட முனையில் கெட்டித் தரை எங்கே மெலிகிறது என்று கம்பி இறக்கிப் பார்ப்பது அடுத்த வேலை. எங்கெங்கே இறக்க வேண்டும் என்று புள்ளி வைத்த தாளை நேற்று அவனுக்கு அனுப்பினேன்.